தடுப்பூசி: பெற்றோருக்குப் புரியும்படி சொல்வது யார்?

புது தில்லி: பிர்லா மந்திர் என்று அறியப்படும் லட்சுமி நாராயண் கோயிலும் காளி பாடியும் அமைந்துள்ள மந்திர் மார்க், தலைநகரில் பள்ளிக்கூடங்கள் மிகுந்த சாலைகளில் ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்குதான் உள்ளது. ரைசினா வங்காளிப் பள்ளி, ஹார்கோர்ட் பட்லர் பள்ளி, செயின்ட் தாமஸ் பெண்கள் பள்ளி எனப் பட்டியல் நீள்கிறது. அரசு ஊழியர் குடியிருப்புகளில் இருந்தும், காந்தியடிகள் தங்கியிருந்த வால்மீகி காலனியில் இருந்தும் வரும் பிள்ளைகள் இங்கு படிக்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, மருத்துவமனைச் சீட்டில் இன்னொரு மொழி என்பது இச்சாலைப் பெற்றோர் பலரின் அன்றாட அனுபவம்.

இத்தகைய பெற்றோருக்குத் தங்கள் குழந்தைக்குப் போடப்படும் ஊசி எது, எதற்காக, எப்போது, அதனால் என்ன நேரலாம் என்பதை யார், எந்த மொழியில், எவ்வளவு தெளிவாகச் சொல்ல வேண்டும்? இக்கேள்வி 2019-ம் ஆண்டு ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அப்போது நீதிமன்றம் அளித்த பதிலின் வீச்சை இன்றும் பலர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி போடும் இயக்கத்தை மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான சுமார் 41 கோடி குழந்தைகள் இலக்கு. தில்லிப் பள்ளிகளில் 2019 ஜனவரி 16 முதல் ஊசி போடுவதாகத் திட்டம். அதற்காக 2018 டிசம்பர் 19-ல் வெளியான சுற்றறிக்கையின்படி, பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டிய தேவை இல்லை. இதை எதிர்த்துப் பள்ளி மாணவர்கள் சிலரின் சார்பில் அவர்களது பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஜனவரி 15-ல் நீதிபதி விபு பக்ரு இயக்கத்தை நிறுத்தி வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 22-ல் விரிவான உத்தரவைப் பிறப்பித்தார்.

தடுப்பூசி தேவையா என்ற வாதத்துக்குள் நீதிமன்றம் செல்லவில்லை. எப்படிச் சொல்லிப் போட வேண்டும் என்பதையே அது வரையறுத்தது. நாளிதழ்களில் கால் பக்க விளம்பரம் தர வேண்டும். அதில் ஊசியின் பக்க விளைவுகளையும் யாருக்கெல்லாம் போடக் கூடாது என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஒரு முறை மட்டுமே பயன்படும் ஊசிக்குழல் கொண்டு யார் ஊசி போடுவார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். பெற்றோருக்குச் சம்மதப் படிவம் அனுப்ப வேண்டும். படிவம் திரும்பி வராவிட்டால் வகுப்பாசிரியர் பெற்றோரைத் தொடர்பு கொண்டு கேட்க வேண்டும். மறுத்தவரின் பிள்ளைக்குப் போடக் கூடாது. எவ்வளவு முயன்றும் தொடர்பு கொள்ள இயலாதவர்களின், மறுப்பும் தெரிவிக்காதவர்களின் பிள்ளைகளுக்குப் போடலாம் என்றது உத்தரவு. இந்தக் கடைசி ஏற்பாடு இரு தரப்புக்கும் முழு நிறைவு தந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நடைமுறைக்கு உகந்தது.

பக்க விளைவுகளை விளம்பரத்தில் போட்டால் பெற்றோர் அஞ்சிப் பின்வாங்குவர் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. பெற்றோர் அறிந்து முடிவெடுக்கத் தேவையான தகவலைத் தருவதே விளம்பரத்தின் நோக்கம் என்று அவர் தெளிவுபடுத்தினார். 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றமும் ஜேக்கப் புலியேல் வழக்கில் இதே திசையில் சென்றது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், குழந்தைகளுக்கான கரோனா தடுப்பூசிகளின் ஆய்வு முடிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு தீர்ப்பளித்தது.

வதந்தி நுழைந்த வழி: தமிழகம் இந்தப் பாடத்தை இருமுறை கற்றது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். அதிர்ந்துபோன மாநில அரசு, கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அப்பணியை மாற்றியது. எச்சரிக்கை என்ற வகையில் அம்முடிவைக் குறை கூற முடியாது. ஆனால் தாய்மார்கள் நடக்க வேண்டிய தூரம் கூடியது, அச்சமும் தங்கிவிட்டது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06-ல் தமிழகத்தில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 80.9 சதவீதம். பத்தாண்டுகள் கழித்து, 2015-16-ல் அது 69.7 சதவீதமாகச் சரிந்தது. நாட்டின் மற்ற பகுதிகள் ஏறுமுகத்தில் இருந்த காலத்தில் தமிழகம் இறங்கியது. 2019-21 கணக்கெடுப்பில்தான் 89.2 சதவீதமாக மீண்டது.

இரண்டாவது பாடம் 2017 பிப்ரவரியில். தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பறந்தன. எங்கோ குழந்தை இறந்ததாக ஒரு குரல் பதிவு, வெளிநாட்டுச் சதி என்று ஒரு செய்தி. பெற்றோர் பள்ளி வாசலில் திரண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். இயக்கத்தை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்தது. கல்வியறிவில் முன்னணியில் உள்ள, சுகாதாரக் கட்டமைப்புக்குப் பெயர் பெற்ற மாநிலத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வதந்தி தமிழில், பேச்சு நடையில், கைப்பேசியில் வந்தது. அரசின் விளக்கமோ நோய்களின் ஆங்கிலப் பெயர்களுடன், அறிக்கை நடையில், அதுவும் தாமதமாக வந்தது. எது முந்தும் என்பதில் ஐயமில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் தலைநகரிலேயே உண்டு. 1994 அக்டோபர் 2-ல் தில்லியில் தொடங்கி, மறு ஆண்டு நாடு முழுவதும் விரிந்த போலியோ சொட்டு மருந்து இயக்கத்துக்கு ஒரே செய்திதான்: ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், இந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சொட்டு. இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. சில பகுதிகளில் அங்கும் எதிர்ப்பு எழுந்தது. வீடு வீடாகச் சென்று பேசி அதைத் தணித்தனர். 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்க மாநிலம் ஹௌராவில் பதிவானதே கடைசி பாதிப்பு. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது.

பெயர்களே முதல் தடை: வழக்கமான தடுப்பூசி அட்டவணை அவ்வளவு எளிதானதன்று. மூத்த குழந்தை 2014-லும் இளைய குழந்தை 2023-லும் பிறந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்தது பிறந்தபோது தேசிய அட்டவணையில் ஊசி வடிவப் போலியோ மருந்து இல்லை. 2015 நவம்பரில்தான் வந்தது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கி 2019-ல் நாடெங்கும் பரவியது. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. 2017-ல் தொடங்கி, 2021-ல் எல்லா மாநிலங்களையும் எட்டியது. தனித் தட்டம்மை ஊசியின் இடத்தை எம்.ஆர். பிடித்தது. 2023 ஜனவரியில் போலியோ ஊசிக்கு ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது தவணை சேர்ந்தது. ஒரே வீட்டில் இரு அட்டைகள், இரு வேறு பட்டியல்கள். மூத்ததற்குப் போடாததை இளையதற்கு ஏன் போடுகிறார்கள் என்று பாட்டி கேட்பது நியாயமான கேள்வி. விடை தேடி இணையத்துக்குச் செல்லும் தாய்க்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு பழைய அட்டவணை. எந்த ஆண்டுக்கு உரியது என்ற குறிப்பு இல்லாமல், அச்சுத்தாளைப் படம் பிடித்து ஒட்டிய பக்கங்கள் பல. கைப்பேசித் திரையில் அவற்றைப் பெரிதாக்கினால் எழுத்து சிதறுகிறது.

பெயர்களைப் பாருங்கள். பென்டாவேலன்ட், எஃப்-ஐ.பி.வி., ஆர்.வி.வி., பி.சி.வி., எம்.ஆர்., ஜே.இ. இவை மருந்துக் கிடங்கின் குறியீடுகள். நோய்களுக்கு மக்கள் வைத்த பெயர்கள் வேறு: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, தட்டம்மை, இளம்பிள்ளை வாதம். 'பென்டா ஊசி' என்பதைவிட, 'கக்குவான், தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்தையும் தடுக்கும் ஊசி' என்று எழுதினால் வரி நீளும். ஆனால் தாய்க்கு விளங்கும். தில்லித் தமிழருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இங்குள்ள இந்திச் சுவரொட்டியில் தட்டம்மை 'கஸ்ரா' என்றும், கக்குவான் 'காலி காம்சி' என்றும், தொண்டை அடைப்பான் 'கல்கோட்டு' என்றும் இருக்கும். காய்கறிக் கடையில் தடையின்றி இந்தி பேசுபவருக்கும் இச்சொற்கள் புதிது.

தமிழில் எழுதினாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. ரணஜன்னிக்கு மட்டுமான பழைய ஊசிக்குப் பதிலாக, தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் புதிய ஊசி இப்போது வழக்கில் உள்ளது. இரண்டின் ஆங்கிலச் சுருக்கங்களையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'டி.டி.'தான்! மாறியது எது என்று வாசகர் எப்படி அறிவார்?

பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று, மூன்று, நான்கு மாதக் குழந்தையுடன் தலைநகர் திரும்பும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். பிறந்தவுடன் போடும் ஊசிகளும் ஆறாவது, பத்தாவது வாரத் தவணைகளும் மதுரையிலோ தஞ்சையிலோ முடிந்திருக்கும். தமிழில் எழுதப்பட்ட அட்டையைத் தில்லிச் செவிலியர் படிக்க முடியாது. இந்தியில் அவர் எழுதித் தருவதைத் தாய் படிக்க முடியாது. இடையில் குழந்தைக்கு ஒரு தவணை தவறவும் கூடும், இரு முறை போடவும் கூடும்.

யூ-வின் தீர்வாகுமா?: இந்த இடைவெளியை நிரப்புவதற்கென வந்ததுதான் 'யூ-வின்' தளம். கரோனா காலத்துக் 'கோ-வின்' தளத்தின் மாதிரியில் உருவான இது, 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2024 அக்டோபர் 29-ல் பிரதமர் மோடியால் நாடு முழுவதற்கும் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. 2024 செப்டம்பர் நடுப்பகுதிக்குள்ளாகவே 6.46 கோடி பேர் இதில் பதிவாகியிருந்தனர். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்த ஊரில் பதிவு செய்திருந்தாலும் எந்த ஊரிலும் ஊசி போட்டுக்கொள்ளலாம். அடுத்த தவணை குறித்துக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். சான்றிதழ் மின்வடிவில் கிடைக்கும். மதுரை-தில்லிப் பயணியான நமது தாய்க்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பதிவேடு வேறு, விளக்கம் வேறு. எந்தத் தேதியில் எந்த ஊசி என்று தளம் சொல்லும். ஏன் என்பதையும், போட்ட பிறகு இரவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்வது தனிப் பணி. மொழி விஷயத்தில் மத்திய அரசின் தளங்களுக்கு உள்ள பழைய வழக்கத்தையும் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021-ல் கோ-வின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கியது. 18 முதல் 44 வயது வரையிலானோர் அதன் வழியாக மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை மே 31-ல் உச்ச நீதிமன்றம் கேள்விக்கு உட்படுத்தியது. பிராந்திய மொழிகளில் அத்தளம் இல்லாததும் அப்போது பேசப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட மொழிகள் சேர்ந்தன. தமிழ் இல்லை. தமிழகத்தில் கண்டனம் எழுந்து, மாநில அரசு வலியுறுத்திய பின்னர் சில நாள்களில் தமிழ் சேர்க்கப்பட்டது. தொழில்நுட்பத் தாமதம் என்ற விளக்கத்தை ஏற்பதா இல்லையா என்பது அவரவர் அரசியல் பார்வையைப் பொருத்தது. உயிர் காக்கும் தகவலுக்கும் மொழி உரிமைக்கும் இடையே உள்ள தொடர்பு அன்று எல்லாத் தரப்புக்கும் புரிந்தது.

தில்லி யூனியன் பிரதேசத்தின் ஆட்சிமொழி இந்தி. பஞ்சாபியும் உருதும் இரண்டாம் ஆட்சிமொழிகள். எனவே இங்குள்ள மருத்துவமனைகள் தமிழில் விளக்கம் தரச் சட்டப்படி கடமைப்பட்டவை அல்ல. ஆனால் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் ஏற்கெனவே தமிழ் விளக்கங்கள் உள்ளன. அவற்றை யூ-வின் தளத்தில் இணைப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. ஓர் அலுவலகக் கடிதம் போதும். தமிழக எம்.பி.க்கள் கையில் எடுக்கத்தக்க, செலவில்லாத கோரிக்கை இது.

நான்கு செய்திகள்: விளக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை. ஊசி போடும் செவிலியர் ஒவ்வொரு தாய்க்கும் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் பயிற்சிக் கையேடு நெடுங்காலமாகக் கூறி வருகிறது. எந்த ஊசி போடப்பட்டது, எந்த நோயைத் தடுக்கும். என்ன சிறு விளைவுகள் வரலாம், அவற்றை எப்படிச் சமாளிப்பது. அடுத்து எப்போது, எங்கே வர வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டு வர வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து போகச் சொல்வதும் இதோடு சேர்ந்தது. கூட்டம் நெரியும் நாளில் இவற்றைப் பொறுமையாகச் சொல்லச் செவிலியருக்கு நேரம் ஏது? அந்தக் குறையை இணையப் பக்கம் ஈடு செய்யலாம். செய்கிறதா என்பதே கேள்வி.

பக்க விளைவுகளை எடுத்துக்கொள்வோம். எம்.ஆர். ஊசிக்குப் பின் 100 குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்குக் காய்ச்சல் வரலாம். அது அன்றே வராது. ஐந்து முதல் பன்னிரண்டு நாள்கள் கழித்து வரும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி எழும்பி, புண்ணாகி, தழும்பாக ஆறும். இது எதிர்பார்க்கப்படுவதே, களிம்பு தடவத் தேவையில்லை. கடும் ஒவ்வாமை என்பது 10 லட்சம் தவணைகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் அரிதானது. அந்த ஒன்றுக்காகத்தான் அரை மணி நேரக் காத்திருப்பு. இவற்றை இப்படி எண்ணிக்கையில் சொன்னால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள். 'பாதுகாப்பானது, அச்சம் வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, எட்டாம் நாள் காய்ச்சல் வரும்போதுதான் தாய்க்கு அரசின் மீது சந்தேகம் வருகிறது.

அட்டவணைகள் அறவே சொல்லாத இன்னொன்று, தவணை தவறினால் என்ன என்பது. பல பெற்றோர், நாள் கடந்துவிட்டதால் பயனில்லை என்றோ, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றோ எண்ணிச் சும்மா இருந்துவிடுகின்றனர். இரண்டும் தவறு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி முதல் ஊசிக்கும், 15 நாள்களுக்குள் தர வேண்டிய முதல் போலியோ சொட்டு மருந்துக்கும் கெடு கண்டிப்பானது. மற்றவற்றில் அவகாசம் அதிகம். பி.சி.ஜி. ஒரு வயது வரை போடலாம். எம்.ஆர். விட்டுப்போனால் ஐந்து வயது வரை போடலாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். சாதாரணச் சளியோ லேசான காய்ச்சலோ ஊசிக்குத் தடையன்று. இந்த நான்கைந்து வரிகள் அட்டையின் பின்புறமும் தளத்தின் முகப்பிலும் இருந்தால் எத்தனையோ குழந்தைகள் திரும்பி வருவர்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் நடுத்தர வர்க்கத்தினரின் குழப்பம் வேறு வகை. அங்கே இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரைப்படி சின்னம்மை, டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, ஃப்ளூ என அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகளும் பட்டியலில் இருக்கும். எது இன்றியமையாதது, எது கூடுதல் பாதுகாப்பு என்ற வேறுபாட்டைப் பொதுவாக யாரும் எடுத்துரைப்பதில்லை. அரசு மையத்தில் இலவசமாகப் போடப்படும் பி.சி.வி.க்கு வெளியே ஆயிரக்கணக்கில் செலவாகும். 'வலியில்லா ஊசி' என்ற பெயரில் விற்கப்படும் வகையில் காய்ச்சலும் வீக்கமும் குறைவுதான். ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிரான அதன் பாதுகாப்பு, அரசு மையத்து ஊசியைவிட விரைவில் குறைகிறது என்பதும் ஆய்வுகளில் கண்டதே. விலைப் பட்டியலில் முதல் பாதி மட்டுமே இருக்கும்.

உலக அளவில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தடுப்பூசி பற்றித் தகவல் தரும் தளங்களை நம்பகத்தன்மை, உள்ளடக்கம், பயன்படுத்தும் எளிமை ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பிட்டு அங்கீகரிக்கும் வலையமைப்பை உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே தொடங்கியது. தளத்தை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது, பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பவற்றையெல்லாம் அது பார்க்கிறது. நமது அரசுத் தளங்களுக்கும் 2009 முதல் வழிகாட்டு நெறிகள் உள்ளன. நெறிகளுக்குப் பஞ்சமில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சர்ச்சை என்று ஒதுக்க முடியாது. ஒரு தவணைகூடப் பெறாத குழந்தைகள் இந்தியாவில் 2023-ல் 16 லட்சம் பேர் என்றும், 2024-ல் அது 9 லட்சமாகக் குறைந்தது என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டுள்ளன. ஒரே ஆண்டில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026-க்குள் ஒழிக்கும் இலக்குடன் 2025 ஏப்ரல் 24-ல் மத்திய சுகாதார அமைச்சர் ஜெ.பி. நட்டா புதிய இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். பல மொழிச் சுவரொட்டிகளும் வானொலி விளம்பரங்களும் அன்று வெளியிடப்பட்டன. தட்டம்மையைத் தடுத்து நிறுத்த இரு தவணைகளும் 95 சதவீதக் குழந்தைகளைச் சென்றடைய வேண்டும். முதல் தவணைக்கு வந்த தாய், 16-வது மாதத்தில் இரண்டாவதற்கும் வர வேண்டும். இந்த இடைவெளியில்தான் பலர் நழுவுகின்றனர்.

நழுவும் இடம் இன்னொன்றும் உண்டு. தேசிய அட்டவணை ஒன்றரை வயதோடோ ஐந்து வயதோடோ முடிவதில்லை. 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என, ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் இரு ஊசிகள் அதன் கடைசி வரிகளில் உள்ளன. ஐந்தாம் வகுப்பிலும் பத்தாம், பதினொன்றாம் வகுப்பிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் மந்திர் மார்க் பெற்றோர், பழைய அட்டையைத் தேடி எடுத்து அந்த இரு கட்டங்களும் நிரம்பியுள்ளனவா என்று பார்க்கலாம். நிரம்பாவிட்டால், அருகிலுள்ள அரசு தடுப்பூசி மையத்தில் அவை இலவசம்.